காதுக்குப் பின்னால் பிசுக்கு

"போதும்க்கா, நல்லா அலசியாச்சு" என்று குளியலறை முக்காலியிலிருந்து எழப் போன தங்கையை, அக்கா தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"காதுக்குப் பின்னாடி கண்டிஷனர் இன்னும் பிசுபிசுங்குது. உச்சியில எண்ணெய் அப்படியே இருக்கு."

"எல்லாம் போயிடுச்சுக்கா!"

"இருபது வருஷம் பார்லர்ல தலை அலசினவகிட்டேயே சொல்றியா?"

"கண்ணுக்கே தெரியலையே!"

"விரலுக்குத் தெரியுதுடி!"

சொன்ன பிறகுதான் அக்கா திகைத்துப்போய்த் தன் வலது கையைப் பார்த்தாள். விபத்தில் நரம்பு அறுந்து, ஏழு மாதமாகச் சூடும் குளிரும் அறியாதிருந்த விரல்கள் அவை. அந்தக் கையின் பயிற்சிக்காகத்தான் வாரந்தோறும் தன் தலையைக் கொடுத்து வந்தாள் தங்கை.

அவள் ஈரத் தலையோடு ஓடிப்போய் பார்லர் முதலாளிக்குப் போன் போட்டாள்.

"மேடம், வேற ஆள் தேடாதீங்க! எங்கக்கா நாளைக்கே வர்றா!"