எட்டாவது பொந்து

காட்டில் உள்ள சிறு பறவைகளுக்கெல்லாம் தானியம் சேர்த்துவைக்கப் பொந்து வேண்டும் என்று கழுகுக்குத் தோன்றியது. மரங்கொத்தியைக் கூப்பிட்டு ஒரு மூட்டைச் சோளம் கொடுத்தது. மரங்கொத்தி சோளத்தைத் தின்றுகொண்டே பொந்துகளாகக் கொத்தித் தள்ளியது.

மூன்று நாள் அடைமழை பெய்தது. சிட்டுக்குருவி நனைந்துகொண்டே மரங்கொத்தியிடம் போனது.

"அண்ணே, குஞ்சுங்க பட்டினி கிடக்குது. நாலு சோளம் கடனாக் குடுங்க. மழை விட்டதும் தந்துடறேன்."

"இதுக்கு முன்னாடி என்கிட்ட கடன் வாங்கித் திருப்பிக் குடுத்திருக்கியா?"

"இல்லையே."

"அப்புறம் உன்னை எப்படி நம்புறது? வேணும்னா இன்னொரு பொந்து போட்டுத் தரேன்."

"ஏற்கெனவே ஏழு இருக்கே! ஏழுலயும் மழைத் தண்ணிதான் நிக்குது. தினமும் நான் வந்து அலகால தட்டாத பொந்து கழுகய்யா கணக்குல வராதுன்னு சொன்னீங்க. தட்டித் தட்டி என் அலகே தேஞ்சுபோச்சு!"

அந்த நேரம் பார்த்துக் கழுகு வந்து இறங்கியது. "என்ன சத்தம்?"

"நம்ம வாடிக்கையாளர்தாங்க," என்றது மரங்கொத்தி. "ஏழு பொந்து வச்சிருக்கு. ஒரு நாள் விடாம அத்தனையும் தட்டுது."

"உள்ளே ஒத்தை மணி இல்லீங்க!" என்று கத்தியது சிட்டுக்குருவி.

"மழையிலும் தட்டுதா!" கழுகுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு மூட்டையை மரங்கொத்தியின் பக்கம் தள்ளியது.

சிட்டுக்குருவி வெறும் வாயோடு திரும்புவதற்குள், அதன் கூட்டு மரத்தில் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. அம்மா வந்துவிட்டாள் என்று குஞ்சுகள் வாயைத் திறந்தன.