நண்பகல் மணி முதல் மாலை மணி வரை

அப்பா மூன்றாவது முறையாக வெட்டுப்பட்டு விழுந்ததும், டான் அனிபால் கராபலி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். விழுந்தவரை அவர் பார்க்கவில்லை. வெட்டியவள் பக்கம்தான் திரும்பினார்.

“வேணும்னேதானே பண்றே?”

“நான் பொத்தானத்தான் அமுக்கினேன், டான் அனிபால்,” என்றாள் டெயானிரா. திரையில் எலியாசர் கராபலி மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி எழுந்து, வெட்டுக்கத்தியோடு நின்றார்.

காலி என்ற நகரத்தில் அந்த வீடியோ விளையாட்டைத் தயாரிக்கும் அலுவலகம் டான் அனிபாலின் மகள் மர்லேனியுடையது. கௌகா வட்டாரத்து வெட்டுக்கத்திச் சண்டைதான் விளையாட்டு. அடுத்த வாரம் வெளியாகிறது.

அதன் கடைசிக் கட்டம், எலியாசரும் லிபோரியோ வியாஃபராவும் மோதிய சண்டை. நண்பகல் மணி அடித்தபோது இருவரும் கொக்கோத் தோப்புக்குள் போனார்கள். மாலை ஜெப மணிக்குத்தான் வெளியே வந்தார்கள். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. எலியாசர் அந்த வெக்கையிலும் போன்ச்சோப் போர்வையை முதுகில் போர்த்திக்கொண்டு, தலைநிமிர்ந்து வீட்டுக்கு நடந்தார்.

உள்ளே நடந்ததைப் பற்றி இருவரும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அந்த ஒரு நாளுக்காகத்தான் ஊர்த் தேவாலயத்தில் கராபலிகளுக்கு இன்றும் முன்வரிசை. எலியாசர் இறந்தபோது உடலைக் குளிப்பாட்ட டான் அனிபால் வேறு ஒருவரையும் விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தாமே செய்தார். குடும்ப கௌரவம் என்றால் அவருக்கு அப்படி.

இப்போது அந்த அப்பாவின் கை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலை, லிபோரியோவின் பேத்தி டெயானிரா வியாஃபராவிடம். அவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்பதற்கு வேறு அத்தாட்சி எதற்கு? அவள் ஊற்றிவைத்த காப்பியை டான் அனிபால் தொடக்கூட இல்லை.

“எங்கப்பா கை இப்படியா எழும்பும்? அரிசி மூட்டை தூக்கற மாதிரி?”

“எங்க தாத்தா கையும் அப்படித்தாங்க எழும்புது. வெட்டு வர்றது எதிராளிக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் தடுக்க முடியும். சமமா இருந்தாத்தான் ஆட்டம்.”

“சொல்லிட்டு வெட்டறவன் சண்டைக்காரனா? வாழைத்தார் வெட்டறவன்!”

“அப்பா, நிஜ வேகத்துல விட்டா ஒருத்தரும் விளையாட மாட்டாங்கப்பா,” என்றாள் மர்லேனி.

“நீ பேசாதே. வியாஃபரா வீட்டுக் காப்பியக் குடிச்சுக் குடிச்சு உனக்குப் புத்தி மழுங்கிப்போச்சு.”

டெயானிரா சட்டென்று திரையின் ஓரத்தில் எதையோ மூடினாள். டான் அனிபாலின் கண் அதைத் தப்பவிடவில்லை.

“என்ன அது?”

“ஒண்ணுமில்லீங்க.”

“நிஜ வேகம்தானே? ஒளிச்சு வச்சிருக்கே.”

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “இருக்குங்க,” என்றாள் டெயானிரா. “ஆனா அது வேண்டாம்.”

“ஏன் வேண்டாம்? எங்கப்பா ஜெயிச்சிடுவாருன்னா?” அவர் கைத்தடியால் தரையைத் தட்டினார். “போடு அதை. இல்லேன்னா கராபலிங்கற பேரு இந்த ஆட்டத்துல இருக்காது.”

போட்டாள். கண் இமைப்பதற்குள் லிபோரியோ கீழே கிடந்தார். டான் அனிபால் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார். “பாத்தியா? இதத்தான் மறைச்சே!”

மறுபடி ஓடவிட்டாள். இந்த முறை எலியாசர் விழுந்தார். அதற்கடுத்த முறை இருவருமே. ஒரு தும்மல் போடும் நேரம்கூடச் சண்டை நீடிக்கவில்லை.

டான் அனிபாலின் சிரிப்பு சுருங்கியது. “இதென்ன? சாயங்கால மணி அடிக்கணும்ல? அதுவரைக்கும் நடந்த சண்டை இது.”

“அதாங்க சிக்கல். இந்த வேகத்துல, மணி அடிக்கறவரைக்கும் ரெண்டு பேரும் உயிரோட இருக்க ஒரே ஒரு வழிதான் இருக்கு. கம்ப்யூட்டரையே ஆடவிட்டோம். எப்ப விட்டாலும் அது அதே வழிக்குத்தான் போகுது.”

“அதைக் காட்டு.”

“வேண்டாம்ப்பா,” என்றாள் மர்லேனி.

“காட்டுன்னேன்.”

டெயானிரா பொத்தானை அமுக்கிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். நண்பகல் மணி அடித்தது. எலியாசர் எதிரியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு திரும்பி ஓடினார்.

கொக்கோ மரங்களைச் சுற்றிச் சுற்றி ஓடினார். லிபோரியோ துரத்திக்கொண்டே இருந்தார். மரநிழல்கள் நீண்டன. மணி அடிப்பதற்குச் சற்று முன்னால், லிபோரியோவின் கத்தி முனை எலியாசரின் இடது தோள்பட்டைக்குப் பின்னால் சாய்வாக ஒரு கோடு இழுத்தது.

மாலை மணி அடித்தது. இருவரும் உயிரோடு தோப்பைவிட்டு வெளியே வந்தார்கள்.

“இது வெறும் கணக்குங்க,” என்றாள் டெயானிரா மெதுவாக. “நிஜத்துல இப்படியா நடந்திருக்கும்? மனசுல வச்சுக்காதீங்க.”

இடது தோள்பட்டைக்குப் பின்னால், சாய்வாக, ஒரு சாண் நீளம். சாத்திய கதவுக்குப் பின்னால், ஈரத் துணியோடு, அந்தத் தழும்பை டான் அனிபால் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார்.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஆறிப்போயிருந்த காப்பியை எடுத்து மிச்சம் வைக்காமல் குடித்தார். கோப்பையை வியாஃபரா வீட்டுப் பெண்ணின் கையிலேயே கொடுத்தார்.

“பழைய வேகத்தையே வைம்மா. சமமா இருந்தாத்தான் ஆட்டம்.”