முழுக்கைச் சட்டை

“இது அம்மை குத்தின தழும்பு இல்ல” என்றான் கொளஞ்சிநாதன்.

துரைராஜ் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டான்.

“என்னா சார் சொல்றீங்க? போன மாசம்தான் வூட்டாண்ட வந்து குத்திட்டுப் போனாங்க.”

“யாரு வந்தாங்க?”

“ஒருத்தர் வந்தாருங்க. ஒல்லியா, சைக்கிள்ல.”

கொளஞ்சிநாதன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த துரைராஜின் அப்பா வைத்திலிங்கத்தின் கையைத் திருப்பினான். தழும்பை ஒருமுறை கட்டைவிரலால் தடவினான். அவ்வளவுதான்.

“உள்ள வுட முடியாதுங்க” என்றான்.

பக்கவாதம் வந்து கை கால் விழுந்த வயசாளிகளுக்கு நடை பழக்குகிற இல்லம் அது. வடக்குத்து ரோட்டில் யாரோ தர்மத்துக்கு நடத்தினார்கள். அந்தக் கோடையில் சுற்று ஊர்களில் பெரியம்மை கண்டிருந்தது. அம்மை குத்தின தழும்பு இல்லாத யாரும் வாசல் தாண்டக்கூடாது என்று போர்டு மாட்டிவிட்டார்கள். வாசலில் நின்று கையைப் பார்த்து அனுப்புகிற வேலை கொளஞ்சிநாதனுக்கு.

வைத்திலிங்கத்துக்கு இடது கால் விழுந்துவிட்டது. இப்போதே நடக்கப் பழகாவிட்டால் ஆயுசுக்கும் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இல்லத்தில் காலியாக இருந்ததோ ஒரே ஒரு கட்டில்.

பேசாமல் ஊசியைக் குத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் கிழவர் மாரியம்மனுக்கு வருஷா வருஷம் செடல் போட்டு, முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுத்தவர். ஊசிக்குப் பயந்த ஆளில்லை, ஆத்தாளுக்குத்தான் பயந்தார். “அவ வர்ற வழிய ஊசி போட்டு அடைச்சா சும்மா வுடுவாளா?” என்று ஒரே பிடியாக நின்றார்.

வேறு வழியில்லாமல் துரைராஜ் முந்திரிக்காட்டுப் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்தான். பச்சை முந்திரிக்கொட்டையைக் கீறி, அதில் வடிந்த பாலை அப்பாவின் முன்கையில் பொட்டு வைத்தான். தோல் வெந்து, காய்ந்து, உதிர்ந்ததும் அம்மை குத்தின மாதிரியே ஒரு வட்டம் நின்றது. கால் பார்த்த டாக்டரே அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார்.

டாக்டருக்குத் தெரியாதது இந்த வாசல்காரனுக்கு எப்படித் தெரிந்தது?

சுரங்கத்தில் வேலை பார்க்கும் துரைராஜ், மைன்ஸ் கேன்டீனில் டீயைக்கூட மோந்து பார்த்துவிட்டுக் குடிக்கிறவன். அவனுக்குச் சந்தேகம் முளைக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. காலிக் கட்டிலை எவனோ ஆபீசரின் மாமனாருக்கு ஒதுக்கிவிட்டான், அதற்குத்தான் இந்தத் தழும்பு நாடகம் என்று முடிவு கட்டினான். ஆளையும் மேலும் கீழும் பார்த்தான். ஊரே பனியனோடு திரிகிற கத்திரி வெயிலில், மணிக்கட்டு வரை பட்டன் போட்ட முழுக்கைச் சட்டை. மறைக்க ஒன்றும் இல்லாதவன் இப்படியா போட்டுக்கொள்வான்?

“கட்டில யாருக்குப் புடிச்சு வெச்சுகினு இருக்கீங்க? நேரா சொல்லிடுங்க சார்.”

“யாருக்கும் இல்லீங்க. உள்ள சிஸ்டர் இருக்காங்க. ஐயா ஊசி குத்திக்கட்டும், கட்டில் அவருக்குத்தான்.”

“அதான் குத்தியிருக்குதுங்கறேனே.”

“முந்திரிப் பால் வெச்சுட்டு என்கிட்ட பேசாதீங்க. ஓரம் கறுத்திருக்குது பாருங்க. இந்த மாதிரி பொய்த் தழும்போட ஒருத்தர் வந்தாப் போதும், உள்ள இருக்கற அத்தனை பேரையும் வாரிக்கினு பூடும். மனசாட்சி வேணாமா?”

அதுவரை வாய் திறக்காத வைத்திலிங்கம் மெல்லக் கேட்டார்.

“எந்த ஊரு தம்பி நீ?”

“முத்தாண்டிக்குப்பமுங்க.”

“முந்திரிக்காட்டுப் புள்ளையா. சரி. டாக்டரு கண்ணாடி போட்டுப் பாத்தும் தெரியல. நீ தொட்டதும் சொல்லிட்ட. அந்தச் சட்டைக் கையக் கொஞ்சம் மேல ஏத்து, பாக்கலாம்.”

கொளஞ்சிநாதன் ஏற்றவில்லை. இன்னொரு கையால் மணிக்கட்டுப் பட்டனை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“இங்க வேலைக்குச் சேர்றப்ப எங்கம்மா முந்திரிப் பால் வெச்சு வுட்டாங்க, ஐயா” என்றான். “எங்க வூட்லயும் ஆத்தா பயந்தான்.”

துரைராஜுக்குச் சுர்ரென்று ஏறியது. “இத்தினி நேரம் எங்களுக்கு மனசாட்சிப் பாடம் எடுத்தியே?”

“பொய்த் தழும்பு ஒண்ணு உள்ள வந்தா மொதல்ல பாடைல போறவன் நான்தானுங்க. அதான் யாரையும் வுடறதில்ல.”

சத்தம் கேட்டு சிஸ்டர் காந்திமதி வெளியே வந்தாள். “என்ன தகராறு இங்கே?”

கொளஞ்சிநாதன் சுவரோடு ஒண்டிக்கொண்டான். ஒரு வார்த்தை போதும், அவன் வேலை போய்விடும். அந்த வார்த்தை துரைராஜின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

வைத்திலிங்கம் எட்டி மகனின் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

“தகராறு இல்லம்மா. ஊசி போட்டுக்கத்தான் வந்தேன். ஆனா எனக்கு ஊசின்னா ரொம்பப் பயம். தொணைக்கு இந்தத் தம்பியும் இன்னொரு தரம் குத்திக்கினா தைரியமா இருக்கும். தம்பிக்கு மொதல்ல போடுங்க, பாத்துட்டு நான் கைய நீட்டறேன்.”

காந்திமதி சிரித்துவிட்டு ஊசி எடுக்கப் போனாள்.

முதுகு நிறையக் கொக்கித் தழும்போடு உட்கார்ந்திருந்த அப்பாவை துரைராஜ் திரும்பிப் பார்த்தான்.

அவர் அவனைக் கவனிக்கவில்லை. கொளஞ்சிநாதனைப் பக்கத்தில் கூப்பிட்டு, காதோடு சொன்னார்.

“சட்டையக் கழட்டு தம்பி. ஆத்தா கோவிச்சுகினா, பாதி உனக்கு, பாதி எனக்கு.”