வெள்ளிக்கிழமை லட்சுமி

செங்கல்பட்டில் அந்த ஷெட்டுக்குள் நின்ற மாரிஸ் மைனரைப் பார்த்ததும், இடுப்பில் பேஜர் செருகிய பழைய கார் புரோக்கர் சம்பத்துக்கு எச்சில் ஊறியது. ஐம்பத்திரண்டாம் வருஷத்துச் சீமை வண்டி. பெயின்ட் உரியவில்லை, சீட் கிழியவில்லை. ஸ்டார்ட் செய்தால் பூனைக்குட்டி போல உறுமியது.

மகாபலிபுரத்தில் ரிசார்ட் திறக்கவிருந்த ஒருவர், வாசலில் நிறுத்த இப்படியொரு வண்டியைத்தான் தேடிக்கொண்டிருந்தார். கேட்ட விலையைக் கொடுப்பார். அதை விற்கிறவரிடம் போய்ச் சொல்ல சம்பத்துக்கென்ன பைத்தியமா?

"இன்னா சாமி, இத்தப் போயி பேப்பர்ல விளம்பரம் குடுத்துகினு கீறீங்க? இன்ஜின் சத்தமே சரியில்ல. பேரீச்சம்பழத்துக்குப் போட்டாக்கூட எவனும் எடுக்க மாட்டான்."

விளம்பரம் கொடுத்திருந்த பெரியவர் வெங்கடராகவனின் நெற்றியில் பளிச்சென்று நாமம். முகத்தில் பால் வடிந்தது. "அப்படியா சொல்றேள்? நேக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நீங்களே பார்த்து ஒரு விலை சொல்லுங்கோ."

சம்பத்துக்கே பாவமாக இருந்தது, ஒரு நொடி. பிறகு, ஒரு பழைய ஸ்கூட்டரின் விலையைச் சொன்னான். பெரியவர் மறுபேச்சின்றித் தலையாட்டினார்.

"அப்போ வண்டிய இப்பவே எட்த்துகினு போவட்டா?"

பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். "அபசாரம்! இன்னிக்கு வெள்ளிக்கிழமை. வண்டியும் லட்சுமிதானே? லட்சுமி ஆத்துக்குள்ள வரலாம், வெளியே போகப்படாது. பணத்தைக் குடுத்துட்டுப் போங்கோ. ஆர்.சி. புக் பெருமாள் காலடியில இருக்கு. வண்டியோட சேர்த்துத் தரேன்."

"சரி சாமி, நாளைக்கு வர்றேன்."

"சனிக்கிழமை இரும்பு வாங்கினா உங்க குடும்பத்துக்கு ஆகுமோ?" அவர் குரலில் அப்படியொரு அக்கறை. "ஞாயித்துக்கிழமை கார்த்தால வாங்கோ."

சம்பத் கணக்குப் போட்டான். அட்வான்ஸ் மட்டும் கொடுத்தால், இடையில் எவனாவது வந்து இந்த அப்பாவியிடம் உண்மை விலையை உளறிவிடுவான். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டால் மனுஷர் வாக்குத் தவற மாட்டார். மனைவி சியாமளாவின் வளையல்களை அடகு வைத்து, ராகு காலம் பிறக்குமுன் ஓடி வந்து கொடுத்தான். ரசீது கேட்கவில்லை. அடிமாட்டு விலைக்கு வாங்கியது எழுத்தில் இருந்தால் தனக்குத்தான் ஆபத்து என்று அவனுக்குத் தெரியாதா?

பெரியவர் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஏமாந்த சோணகிரிடி! வளையல் இன்னா வளையல், ஒனக்கு ஆரமே வாங்கிப் போடறேன்," என்று இரண்டு நாளும் சியாமளாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

ஞாயிறு காலை, வண்டிக்குச் சாமந்தி மாலையும், சக்கரங்களுக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழங்களும் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினான். ஷெட் காலியாகக் கிடந்தது. வீட்டு கேட்டில் பெரிய பூட்டு தொங்கியது.

அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு, கையில் ஆளுக்கொரு மாலையும் எலுமிச்சம்பழமுமாக, அவனுக்கு முன்பே ஐந்து பேர் நின்றிருந்தார்கள்.