பன்னிரண்டாவது நாற்காலி

பெரிய வியாழனன்று, ஏசு சீடர்களின் காலைக் கழுவிய நினைவாக, பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவது வழக்கம். அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடரும் பூசிக்கொண்டு வருவது அதைவிடப் பழைய வழக்கம். இந்த வருஷம் முதன்முறையாகப் பட்டியலில் பெயர் வந்திருந்த மிக்கேலம்மாள், உப்பளத்திலிருந்து நேரே வந்து பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். வெடித்த பாதங்களில் சேறும் உப்பும் காய்ந்து வெள்ளை பூத்திருந்தன.

கோயில் காரியங்களில் சாமியாருக்கு உதவும் உபதேசியார் குனிந்து அவள் காதருகே சொன்னார். "வெளிய குழாய் இருக்கு. ஒரு தடவ கழுவிட்டு வந்துரும்மா."

"கழுவத்தான கூப்பிட்டீங்க?"

"எல்லாரும் பாக்காங்க. இல்லன்னா வேற ஆளத்தான் உக்கார வைக்கணும்."

அவள் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "பாக்கட்டும் அய்யா."

அதற்குள் பாட்டுத் தொடங்கிவிட்டது. சாமியார் ஒவ்வொருவரின் வலது காலையும் பேசினில் வைத்து நீர் ஊற்றி, துண்டால் ஒற்றி, முத்தமிட்டுக்கொண்டே வந்தார். பதினொரு பேர் முடிந்த பிறகும் பேசினின் அடியில் வரைந்திருந்த ரோஜாப்பூ தெளிவாகத் தெரிந்தது. மிக்கேலம்மாளின் காலில் ஊற்றியதும் அது காணாமல் போனது. சாமியாரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு இன்னும் ஊற்றினார். வெடிப்புகளுக்குள்ளிருந்து சேறு வந்துகொண்டே இருந்தது. பாடகர்கள் பாட்டை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். துண்டு பழுப்பானது. முத்தமிட்டுவிட்டு அவர் எழப்போனார்.

ஒற்றைக் கால்தான் வழக்கம் என்று அவளுக்கும் தெரியும். சேலையைச் சற்றே தூக்கி, இடது காலை எடுத்துப் பேசினுக்குள் வைத்தாள்.