இரண்டு ஆப்புகளின் மரியாதை

மாடக்கண்ணு ஆசாரிக்குப் பட்டறை மேசை ஒன்று செய்ய வேண்டும். பலகைகளை இறுக்கிப் பிடிக்கப் பெரிய கிளாம்பு இல்லை. என்ன செய்தார்? தரையில் இரண்டு கட்டைகளை ஆணியடித்து, நடுவில் விளிம்பில் பசை தடவிய பெரிதும் சிறிதுமான இரண்டு வேங்கைப் பலகைகளை ஒட்டிப் படுக்க வைத்தார். பலகைக்கும் கட்டைக்கும் நடுவே மிச்சமிருந்த சந்தில் இரண்டு ஆப்புகளை எதிரும் புதிருமாகச் சொருகித் தட்டிவிட்டு, டீ குடிக்கப் போனார்.

ஆப்புகள் ஒரே துண்டில் பிறந்தவை. வாய்தான் ஓயாது.

"தள்ளுடா, நான்தான் மூத்தவன்."

"அறுக்கும்போது முதல்ல விழுந்தது நானு. நீ தள்ளு."

அவை முட்ட முட்டப் பலகைகள் நெருங்கின.

சத்தம் தாங்காத சின்னப் பலகை, "கூடப் பொறந்தவங்க இப்படியா? விட்டுக்கொடுத்துப் போங்கப்பா" என்றது.

ஆப்புகளுக்கு வெட்கமாகப் போயிற்று. "நீங்க முன்னால வாங்கண்ணே" என்று ஒன்று பின்வாங்கியது. "அட, நீ வா தம்பி" என்று மற்றதும் பின்வாங்கியது. பலகைகளுக்கு நடுவில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது.

"அடிப்பாவி, பசை காயுது. இப்படியே காஞ்சா நாம அடுப்புக்குத்தான்" என்று சின்னதிடம் பதறியது பெரிய பலகை. பிறகு ஆப்புகளுக்குக் கேட்கும்படியாகவே, "என்ன இருந்தாலும் அந்த ரெண்டுல ஒருத்தனுக்குத்தான் பலம் ஜாஸ்தி" என்றது.

"யாருக்கு?" என்று இரண்டும் முன்னால் பாய்ந்தன. இடைவெளி மூடிக்கொண்டது.

மறுநாள் ஆசாரி ஆப்புகளைத் தட்டி எடுத்தார். இரண்டு பலகையும் ஒன்றாகியிருந்தன.

"அது யாருன்னு சொல்லவே இல்லையே" என்றன ஆப்புகள்.

"இன்னும் நாலு பலகை ஒட்டணும்ல. முடியட்டும், சொல்றேன்" என்றது ஒன்றாகிவிட்ட மேசைப் பலகை.