சோதனை வாரம்

"எனக்கு பட்டன் இருந்தாத்தாம்மா கை ஓடும். எனக்காக ஒரே ஒரு பழைய ஸ்கேனரை விட்டுவைக்கச் சொல்லேன்" என்றார் கிடங்கு மேற்பார்வையாளர்.

"அண்ணனுக்கு டச்சே விட்டுப்போச்சு" என்றான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அலுவலகத்திலிருந்து வந்திருந்த அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டிகளைப் பதிவுசெய்யும் ஸ்கேனர்களைத் தூக்கிவிட்டு எல்லோருக்கும் போன் கொடுக்கலாமா என்று பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்தபின் அவளை நம்பிக் கொடுத்த முதல் பொறுப்பு.

ஆளுக்கொரு போன், பின்னால் அவரவர் பெயர் ஒட்டி, ஒரு வாரச் சோதனை.

போன் கீழே விழுந்தால் உடையும். மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். ஆனால் சரக்கு எவ்வளவு இருக்கிறதென்று உடனே காட்டியது. பழைய ஸ்கேனர் கீழே விழுந்தாலும் வேலை செய்யும். பழுதானால்தான் உதிரி பாகம் கிடைக்காது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் போன்தான் சரி.

பாதி வாரக் கணக்கில் எல்லோருக்கும் வேகம் கூடியிருந்தது. பேக்கிங் அக்கா முதலிடம். மேற்பார்வையாளர் பெயரில் மட்டும் தப்புக்கு மேல் தப்பு. ஒரே பெட்டி இரண்டு முறை, மூன்று முறை பதிவாகியிருந்தது.

"யாருக்கு வரலையோ அவங்களை அனுப்பிடலாம். பேரை எழுதிக் கொடு" என்றார் மேனேஜர்.

"அவருக்கு மட்டும் ஒரு பழைய ஸ்கேனர் கொடுத்தா சார்..."

"ஒருத்தருக்காக ரெண்டு சிஸ்டம் ஓட்ட முடியாதும்மா."

அவள் கிடங்குக்கு ஓடினாள். எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நானே உக்காந்து சொல்லித் தரேன் சார். கொஞ்சம் முயற்சி பண்ணுங்க. இல்லைன்னா உங்க பேரைத்தான் எழுதணும்."

"எழுதிக்கோம்மா. பசங்க தலையெடுத்துட்டாங்க. நான் போனா எங்க வீட்டு அடுப்பு அணைஞ்சிடாது. அந்த பழைய மெஷின் ஒண்ணு மட்டும் இங்கயே இருக்கட்டும்."

"நீங்களே இல்லாதப்போ அது யாருக்கு சார்?"

அவருக்குப் பக்கத்தில் பேக்கிங் அக்கா, "எனக்கு அரை டம்ளர் போதும்" என்று வாங்கி, இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தார்.

இவ்வளவு வீம்பா? அவளுக்குக் கோபம் வந்தது. இவருக்காகப் பரிந்து பேசப் போய்த் தன் வேலைக்கே உலை வைத்துக்கொள்வதா? அவர் பெயரை எழுதினாள்.

கடைசி நாள் போன்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள, சொன்ன நேரத்துக்கு முன்பே கிடங்குக்குப் போனாள்.

கோடியில் இருந்த அடுக்குக்குப் பின்னால் இருவர் நின்றிருந்தார்கள். மேற்பார்வையாளரின் விரல் திரையில் பறந்துகொண்டிருந்தது. ஒரு தப்பு இல்லை. அவர் கையிலிருந்த போனின் பின்னால் ஒட்டியிருந்தது அக்காவின் பெயர்.

அவர் பெயர் ஒட்டிய போன், அக்காவின் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது.